காட்டன் சாட்டீனும் சாட்டினும் ஒன்றா? படுக்கை விரிப்புக்கு வாங்கலாமா?

பெயரில் ஒரு நெடில்தான் கூடுதல், துணியோ வேறு. சாட்டின் பெரும்பாலும் பட்டு அல்லது பாலியெஸ்டர் இழையில் வருவது. சாட்டீன் பருத்தி நூலில் நெய்வது.

சாதாரண நெசவில் ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒரு பாவு நூலுக்கு (நெடுக்கே ஓடுவது) மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். சாட்டீனில் அது பொதுவாக நான்கு பாவு நூல்களைத் தாண்டி, ஐந்தாவதன் கீழ் மட்டும் நுழையும். இப்படித் தாவிக் கிடக்கும் நூல்கள் ஒளியைத் திருப்புவதால்தான் அந்த மினுமினுப்பு. (மெர்சரைஸ் செய்து, அதாவது காஸ்டிக் சோடா கரைசலில் பதப்படுத்தி, பளபளப்பைக் கூட்டுவதும் உண்டு.) துணியைத் திருப்பிப் பாருங்கள், மறுபக்கம் மங்கலாக இருக்கும்.

அந்தத் தாவலே இதன் பலவீனமும். வளையல், கொலுசு, பூனை நகம், எது மாட்டினாலும் நூல் இழுபடும். துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள்; கல்லில் அடிக்க வேண்டாம்.

தலையணை உறை, திரைச்சீலை, உடைகளின் உள் துணி ஆகியவற்றுக்கு அருமையாக இருக்கும். விரிப்புக்கும் வாங்கலாம், ஏசி அறை என்றால். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியை மட்டும் நம்பிப் படுப்பவர் நீங்கள் என்றால், சாதாரண நெசவில் வரும் பெர்கேல் விரிப்பையே சொல்வேன்.