கடிகாரம் சொல்லாத குறட்டை

கேள்வி: எனக்கு வயது 47. தணிக்கை அலுவலகத்தில் வேலை. ஒரு வருடமாக எப்போது பார்த்தாலும் களைப்பு. நான் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச், ஆழ்ந்த தூக்கம் வெறும் 40 நிமிடம் என்று காட்டுகிறது. அதைக் கூட்டுவதற்காக ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன். பதினொன்று வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். காலை ஆறரைக்கு எழுந்தால் தலைவலி, வாயெல்லாம் வறட்சி. போன வாரம் சிக்னலில் காரை நிறுத்தியவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தேன். மக்னீசியம், மெலடோனின், மழைச் சத்தம் போடும் செயலி எல்லாம் பார்த்தாயிற்று. ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்ட வழி என்ன? (குறட்டை தாங்காமல் என் கணவர் ஆறு மாதமாக ஹாலில் படுக்கிறார். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.)
– பெயர் வேண்டாம்

பதில்: எழுதியது நல்லதாயிற்று. உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி, கூச்சப்பட்டுக்கொண்டு அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி நிற்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கடிகாரத்தின் கணக்கை முடித்துவிடுவோம்.

மெல்லிய தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நம் இரவு ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு முதல் இரண்டு சுற்றுகளிலேயே முடிந்துவிடும். மொத்தத் தூக்கத்தில் அது பத்திலிருந்து இருபது சதவீதம் இருந்தாலே வழக்கமானதுதான். வயது ஏற ஏற இன்னும் குறையும். நீங்கள் ஏழு மணி நேரம் தூங்கினால் 40 நிமிடம் என்பது அலறும்படியான எண் அல்ல.

அந்த எண்ணே சரியா என்பது வேறு கேள்வி. தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளையின் அலைகள் பெரிதாகவும் நிதானமாகவும் எழுந்து விழுவதைப் பார்த்துத்தான் ஆழ்ந்த தூக்கம் என்று முடிவு செய்வார்கள். கடிகாரத்துக்குத் தெரிந்ததெல்லாம் கை அசைகிறதா, நாடி எப்படித் துடிக்கிறது என்பதுதான். மீதி ஊகம். நானும் ஒன்று கட்டியிருந்தேன். ஒரு மாலை சாய்வு நாற்காலியில் அசையாமல் நாவல் படித்துக்கொண்டிருந்த ஐம்பது நிமிடத்தைத் தூக்கக் கணக்கில் சேர்த்துவிட்டது. இத்தனைக்கும் அது விறுவிறுப்பான நாவல். இப்படி எண்ணைத் துரத்தித் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களுக்காக, 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று ஒரு பெயரே உண்டாக்கினார்கள்.

ஒன்பதரைக்குப் படுப்பதை விட்டுவிடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது கூடக் கூடத் தூக்கம் வந்து அழுத்தும். பசிக்கு முன் இலை போட்டு உட்கார்ந்தால் சோறு இறங்குமா? பதினொன்றுக்குப் படுங்கள், ஆறரைக்கே எழுங்கள். ஏழரை மணி நேரம் தாராளம். சமாளிப்பதற்காக மாலையில் காபி குடிப்பவராக இருந்தால் அதை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்த காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மக்னீசியத்தைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டேன்.

இனி அடைப்புக்குறிக்கு வருவோம்.

களைப்பு வேறு, தூக்கக் கலக்கம் வேறு. இரும்புச்சத்து குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். மாடிப்படி மலையாகத் தெரியும். ஆனால் பட்டப்பகலில், காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே கண்ணயர்வது பெரும்பாலும் அந்த வகை அல்ல. படுக்கையில் இருந்த நேரம் தூக்கமாக இருந்ததில்லை என்பதற்கு அது அடையாளம். அதோடு உரத்த குறட்டை, காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் எழுந்து சிறுநீர் போவது. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை தளர்ந்து மூச்சுப்பாதையையே அடைத்துவிடும். மார்பு ஏறி இறங்கும், காற்று போகாது. பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கும் மேல். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பும். ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். அந்த விழிப்பு சில நொடிகள்தான் என்பதால் காலையில் நினைவிருக்காது. இது மணிக்கு 30 தடவை என்றால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்களை யாரோ தட்டி எழுப்புவதற்குச் சமம். ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்க விடுமா அது? இரவு முழுக்கக் கோழித்தூக்கம்தான். அடைத்த பாதைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி இதயம் விரிகிறது. உடம்பில் நீர் அதிகம் என்று அது தவறாக எண்ணி, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. உங்களை எழுப்புவது மூத்திரப்பை என்று நினைத்திருப்பீர்கள். குற்றவாளி தொண்டையாக இருக்கலாம்.

குறட்டை ஆண்களின் சொத்து என்ற எண்ணத்தால் பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. போய்ச் சொன்னாலும் 'கவலை, வேலைப்பளு' என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதித் தரும் இடங்கள் உண்டு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இந்தக் கோளாறு பெண்களிடம் கூடுகிறது என்பது தெரிந்த விஷயம். சோதனைக்கு முன் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். சில வகைகள் தொண்டையை இன்னும் தளர்த்தும். ஆழ்ந்த தூக்கத்தைக் குறைப்பவையும் அவற்றில் உண்டு. மதுவும் தொண்டையைத் தளர்த்தும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். ஓர் இரவு நடக்கும் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் என் ஊகம் தப்பு, மகிழ்ச்சி. 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. அப்படி வந்தால் 'சிபாப்' கருவியைப் பரிந்துரைப்பார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாக மெல்லக் காற்றைச் செலுத்தி, பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். போகும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, சர்க்கரை நான்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரே கோளாறுதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அதற்கு முன் கணவரிடம் ஓர் உதவி கேளுங்கள். இரண்டு மூன்று நாள் அவர் அறைக்குத் திரும்பட்டும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு, நீங்கள் மல்லாந்து படுத்திருக்கும்போது போனில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யட்டும். பெரும்பாலோருக்கு மூச்சு அதிகம் தடைபடுவது அந்தக் கனவு நேரத்தில்தான். குறட்டைச் சத்தத்தை விட, சத்தம் சட்டென்று நின்றுபோகும் இடைவெளியைத்தான் மருத்துவர் காது கொடுத்துக் கேட்பார்.

சோதனை முடிந்து முடிவு தெரியும்வரை காரையும் கணவரே ஓட்டட்டும்.