பாட்டி கொண்டுவந்த கதைப் புத்தகங்களைப் பேத்தி தொட மாட்டேன் என்கிறாள்: பதில்

வணக்கம் சகோதரி. தஞ்சாவூரிலிருந்து உங்கள் அம்மா ஆசையாகச் சுமந்து வந்த கதைப் புத்தகங்களை, தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மகள் தொடக்கூட மறுக்கிறாள், பாட்டி வாடிப்போயிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது.

என் மகனும் பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்குக் கதை பிடிக்கும், எழுத்துக்கூட்டுவதுதான் பிடிக்காது. அதனால் "படி" என்று சொல்வதையே விட்டுவிட்டோம். ராத்திரி என் மாமியார் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு கதையை வாயால் சொல்வார். நரி வரும் இடத்தில் நிறுத்தி, "தூக்கம் வருது, மீதி நாளைக்கு" என்று விளக்கை அணைத்துவிடுவார். மூன்றாம் நாள் அவனே புத்தகத்தைத் திறந்து, நரிப் படத்துக்குக் கீழே விரலை வைத்து, "அப்பாயி, இது என்ன எழுத்து?" என்று கேட்டான்.

அப்புறம், சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்திய பொது நூலகத்துக்கு மூன்று பேரும் போய் வாருங்கள். பக்கத்துக்கு ஒரு வரி இருக்கும் படப் புத்தகங்களாகப் பார்த்து மகளே எடுக்கட்டும். 21 நாள் வைத்துக்கொள்ளலாம். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் தமிழ்க் கதைகள் இலவசம். 1 முதல் 4 வரை நிலை பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையிலேயே தொடங்குங்கள்.

அவளுக்குப் பிடித்த ஆங்கிலக் கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் தயவுசெய்து திருத்தாதீர்கள். பாட்டியின் புத்தகங்களை அலமாரி உச்சியில் ஏற்றிவிட வேண்டாம், அவள் கைக்கு எட்டும் தட்டிலேயே இருக்கட்டும்.