சபைக் கந்தோர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் வடிகான் மண் மூடிக் கிடக்கிறது. மாரி வந்தால் முழங்காலுக்குத் தண்ணீர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று தரம் சொல்லிவிட்டேன். அதிபர், "அது பிரதேச சபை வேலை" என்கிறார். சபையில் கேட்டால், "வலயக் கல்விக் கந்தோருக்குப் போங்கோ" என்கிறார்கள். யாரைப் பிடிப்பது ஐயா?
– ஒரு தாய், படுவான்கரை

பதில்: மகள், ஒரு பிரதேச சபையில் 28 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். அந்த "அங்க போங்கோ"வை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மதிலுக்கு உள்ளே என்றால் வலயக் கல்விக் கந்தோர் பொறுப்பு. வெளியே இருக்கும் வடிகான் ரோட்டோடு சேர்ந்தது. ஆகவே ரோட்டு யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்ளூர் ஒழுங்கை, கிறவல் ரோட்டு எல்லாம் பிரதேச சபை. உங்கள் பக்கத்தில் வடிகான் என்று சொல்வது சிலவேளை வயல் வாய்க்காலாகவும் இருக்கும். அப்படியென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தையோ கமநல சேவை நிலையத்தையோ கேட்க வேண்டும். சபையில் வீதிப் பட்டியல் இருக்கும், பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

மறுகா, அந்த மூன்று தரம். கூட்ட அறிக்கையில் அது எத்தனை தரம் ஏறியது? சங்கத்துக்குத் தலைவர் அதிபர்தான். ஆனால் பெற்றார் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் செயலாளர் எழுதத்தான் வேண்டும். விளையாட்டுப் போட்டிக் காசுக் கதை தொடங்குமுன் எழும்பி முன்மொழிந்துவிடுங்கள், அது தொடங்கினால் அன்றைய கூட்டம் அதோடு சரி. அந்தத் தீர்மானத்தின் பிரதியோடு சபைச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? என் மேசைக்கு வந்தவற்றில் பாதி, "எங்கட ரோட்டைத் திருத்தித் தரவும்" என்று மட்டும் இருக்கும். எந்த ரோட்டு, எவ்வளவு நீளம், ஒன்றும் இராது. அவை கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். ஒரு முறை ஒரு வயோதிபர் கொப்பித்தாளில் படம் கீறிக் கொண்டுவந்தார். வேப்பமரம், மதகு, கோயில் மதில், நடுவில் "112 எட்டு" என்று காலால் அளந்த கணக்கு. எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் போனார்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த வடிகானுக்கு இந்த வருடம் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: சபையின் மாதாந்த அமர்வில் நான் போய்ப் பேசலாமா?
– அதே வாசகி

பதில்: போய் உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. பேச வேண்டியவர் உங்கள் வட்டார உறுப்பினர். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் செயலாளர்தான் நடத்தினார். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு ஆள் இருக்கிறது. கடிதத்தின் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அமர்வு நாளன்று இரண்டு மூன்று தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்வையாளர் பக்கம் இருங்கள். ஆள் இருந்தால் உறுப்பினரின் குரல் கொஞ்சம் கூடும், நான் கண்டிருக்கிறேன்.