ஈயமில்லாத சால்டர் சரியாக ஒட்டவில்லை: பழையதற்கே திரும்பிவிடலாமா?

கேள்வி: வீட்டில் பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன சர்க்யூட் செய்கிறேன். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதால், ஈயப் புகை வேண்டாம் என்று ஈயமில்லாத சால்டருக்கு மாறினேன். என்னுடைய 25 வாட் அயர்னில் அது லேசில் உருகுவதில்லை. உருகினாலும் ஜாயின்ட் மங்கலாக இருக்கிறது. அயர்னின் முனையான டிப்பும் கறுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: மாறியது நல்ல முடிவு. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் சரியில்லை. சால்டர் செய்யும்போது எழும் புகை ஈயப் புகை அல்ல. ஈயம் கொதிக்க 1,749 டிகிரி செல்சியஸ் வேண்டும். அயர்னின் சூட்டில் அது ஆவியாவது மிக மிகக் குறைவு. நீங்கள் பார்ப்பது, சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் ஃப்ளக்ஸில் உள்ள ரோசின் என்ற பிசின் கருகும் புகை. அது ஈயமில்லாத கம்பியிலும் வரும், சூடு கூடுவதால் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது என்பதால், புகையை முகத்துக்கு வராமல் இழுத்து வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

ஈயம் உடலுக்குள் போகும் வழி கைதான். விரலில் ஒட்டியது வாய்க்குப் போகும். தரையில் சிதறிய துணுக்கு தவழும் குழந்தையின் கைக்குப் போகும். அதனால் திரும்ப வேண்டாம்.

பேச்சில் சால்டரையே ‘ஈயம்’ என்கிறோம். அதில் இருந்தது வெள்ளீயம், காரீயம் இரண்டும். நீங்கள் விட்டது காரீயத்தை மட்டும். அது போனதும் உருகுநிலை ஏறிவிட்டது. பழைய 63/37 கம்பி (வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம்) 183 டிகிரியில் உருகும். வெள்ளி 3 சதவீதமும் செம்பு 0.5 சதவீதமும் கலந்த கம்பிக்கு 217 முதல் 220 வரை வேண்டும். செம்பு மட்டும் கலந்ததற்கு 227.

வெறும் 35, 45 டிகிரிதானே என்று தோன்றும். சும்மா இருக்கும்போது உங்கள் அயர்னும் அதைவிட நன்றாகவே சூடாக இருக்கும். சிக்கல், தொட்டவுடன் போர்டு உறிஞ்சும் சூட்டை 25 வாட்டால் உடனே ஈடுகட்ட முடியாததுதான். பேடு என்பது போர்டில் சால்டர் ஒட்டும் செம்புத் திட்டு. அகலமான செம்புப் பரப்போடு இணைந்த கிரவுண்டு பேடில் வைத்தால் இன்னும் மோசம். வெப்பக் கட்டுப்பாடுள்ள, 60 வாட் அளவிலான சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று வாங்குங்கள். ஊசி முனையை விட்டுவிட்டு உளி வடிவ டிப்பைப் போடுங்கள். என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். நான் 360 டிகிரியில் தொடங்குவேன், பெரிய பேடுக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றுவேன். ஒட்டவில்லை என்றதும் 450-க்குத் திருகினால் ஃப்ளக்ஸ் வேலை செய்யும் முன்பே எரிந்துவிடும், பேடும் பெயர்ந்து வரும்.

டிப் கறுப்பதும் இதே சூட்டால்தான். வெள்ளீயம் அதிகமானால் டிப்பின் இரும்புப் பூச்சும் சீக்கிரம் அரிக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், பூச்சு போய்விடும். பித்தளைச் சுருளில் துடைத்து, அணைக்கும் முன் முனையில் சால்டரைத் தாராளமாகப் பூசி வையுங்கள்.

மங்கலைப் பற்றிக் கவலை வேண்டாம். வெள்ளி கலந்த கம்பி ஆறும்போது சொரசொரப்பாகவே உறையும். பளபளப்பை மறந்துவிட்டு ஓரத்தைப் பாருங்கள். சால்டர் பேடின் மேல் சரிந்து படர்ந்திருந்தால் ஜாயின்ட் நல்லது. உருண்டு நின்றால் ஒட்டவில்லை. அங்கே கொஞ்சம் ஃப்ளக்ஸ் தொட்டு மறுபடி சூடாக்குங்கள்.

பிஸ்மத் கலந்த கம்பி 138 டிகிரியிலேயே உருகும் என்று ஆசைப்பட்டு வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: அது எளிதில் விரிசல் விடும். பழைய ஈயத்தோடு கலந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகும் கலவை உள்ளே உருவாகலாம். சூடேறும் பாகத்தின் ஜாயின்ட் தானாகக் கழன்றால் ஆச்சரியமில்லை.

மீதியிருக்கும் ஈயக் கம்பியை எறிய வேண்டாம். பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில், தனி டிப், தனி ஸ்பாஞ்சோடு வையுங்கள். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயக் கட்டுப்பாடு அமலுக்கு வருவதற்கு முந்தைய போர்டு ரிப்பேருக்கு வந்தால் பெரும்பாலும் அதுதான் பொருந்தும். அன்று மட்டும் வேலை முடிந்ததும் மேஜையை ஈரத்துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.