ரேம்ப் விரியும் நேரமும் உங்கள் பயண நேரம்தான்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 29. ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டு வேலை எல்லாம் செய்கிறேன். வெளியே போக வேண்டுமென்றால் மட்டும் அண்ணன் காரை எடுக்க வேண்டும். இப்போது வேலை கிடைத்திருக்கிறது. ஒரு பஸ் ஏறி, பிறகு ரயில் மாற வேண்டும். இரண்டிலும் சக்கர நாற்காலி ஏறும் வசதி இருக்கிறது. அம்மாவோடு ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் எழுந்து வந்து, நாற்காலி ஏறுவதற்கான சாய்பலகையை, அதாவது ரேம்ப்பை இறக்கினார். மொத்தப் பஸ்ஸும் என்னையே பார்த்தது. ஒருவர் வாட்ச்சைப் பார்த்து உச்சுக்கொட்டினார். இறங்கும்போது யாரோ பின்னாலிருந்து கேட்காமலே நாற்காலியைத் தள்ளினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். "கார் இருக்கும்போது உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்" என்கிறார் அம்மா. நான் தனியாகப் போய்வர முடியுமா? தினமும் இத்தனை பேருக்குத் தொந்தரவு கொடுப்பது சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முடியும். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் பல வருடமாகச் சக்கர நாற்காலியோடு பஸ்ஸிலும் ரயிலிலும் வேலைக்குப் போய்வருகிறவள்.

முதலில் அந்த வாட்ச் பார்த்த மனிதரின் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் அதிகம் வலிப்பது அந்த வரிதான். அடுத்த முறை நிறுத்தத்தில் கொஞ்சம் கவனியுங்கள். சில்லறை தேடுகிறவர் ஒருவர், "இந்த வண்டி அங்கே போகுமா" என்று வாசலில் நின்று விசாரிக்கிறவர் ஒருவர், இரண்டு பிள்ளைகளையும் மூன்று பைகளையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறவர் ஒருவர். இவர்களில் யாரும் ஊராருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போய் அழுவதில்லை. பஸ் நிற்பதே ஆளை ஏற்றத்தான். ரேம்ப் விரிந்து, நீங்கள் ஏறி, அது மடங்கும் வரைக்குமான நேரம் அடுத்தவரிடம் நீங்கள் கடன் வாங்கிய நேரமில்லை. ஒரு பயணி ஏறுவதற்கு ஆகும் நேரம், அவ்வளவுதான்.

அந்த ரேம்ப்பும் யாரோ இரக்கப்பட்டு வைத்ததல்ல. 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் 19 மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளோடு சாலையில் இறங்கிப் பஸ்களை மறித்தார்கள். இரவு முழுக்க அங்கேயே இருந்தார்கள். நாங்களும் ஏறக்கூடிய பஸ் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. 1990-இல் அந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தபோது, புதிதாக வாங்கும் பஸ்களில் சக்கர நாற்காலி ஏறும் வசதி கட்டாயமானது. 2006-இல் ஐ.நா. சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த வழி செய்வது அரசின் கடமை என்கிறது. இதையெல்லாம் பஸ்ஸில் யாரிடமும் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ரேம்ப் இறங்கும்போது உங்கள் மனதில் இருந்தால் போதும்.

பார்க்கிறார்களே என்கிறீர்கள். பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஏறுவது பெரும்பாலும் அதே ஆட்கள். சில வாரங்களில் அவர்களுக்கு நீங்கள் எட்டரை மணி வண்டியில் வருகிற ஒரு பெண், அவ்வளவுதான்.

சரி, இனி ஏறுகிற வேலைக்கு வருவோம். பயத்தில் பாதி, கை பழகாததால் வருவது.

கட்டடங்களில் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு 1-க்கு 12. அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். பஸ்ஸின் ரேம்ப்பில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை, அதனால் சரிவு கூடுதலாகத்தான் இருக்கும். இங்கே எல்லாமே பஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நடைபாதையை ஒட்டி நின்றால் ரேம்ப்பின் நுனி நடைபாதை மேலே உட்காரும், ஏற வேண்டிய உயரம் கொஞ்சம்தான். அதே பஸ் இரண்டடி தள்ளி நின்றால் நுனி ரோட்டில் இறங்கிவிடும். நடைபாதையின் உயரமும் சேர்ந்துகொள்ள, அதே ரேம்ப் மலை மாதிரி நிற்கும். அதனால் பஸ் வருவது தெரிந்ததும் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்துக்கு முன்னால் வந்து கையைக் காட்டுங்கள். தள்ளி நிறுத்தினால், "கொஞ்சம் ஓரமா ஒட்டி நிறுத்துங்க, ரேம்ப் சரியா உட்காரும்" என்று கேளுங்கள். ஏறும் பக்கத்தைத் தாழ்த்தும் வசதி பல தாழ்தளப் பஸ்களில் உண்டு. அவசரத்தில் ஓட்டுநர் மறந்திருப்பார், அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஏறும்போது நேராக ஏறுங்கள், கோணலாக வேண்டாம். உடம்பை நன்றாக முன்னால் சாய்த்து, நீளமான தள்ளலாகத் தள்ளுங்கள். பின்னால் சாய்ந்தபடி ஏறினால் முன்சக்கரம் தூக்கிவிடும். இறங்கும்போது சரிவு அதிகமாகத் தெரிந்தால் முதுகைக் காட்டிப் பின்பக்கமாக இறங்குவதே நல்லது, அப்போது முன்னால் சரிந்து விழும் பயம் இல்லை. மறுவாழ்வு மையத்தில் பயிற்சி கொடுத்தவர் இன்னும் தொடர்பில் இருந்தால், இதை மட்டும் ஒருநாள் அவரோடு செய்து பாருங்கள்.

உள்ளே போனதும் பிரேக் போடுங்கள். சில பஸ்களில் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, மெத்தை வைத்த தடுப்புக்கு முதுகை ஒட்டி நிற்கும் ஏற்பாடு இருக்கும். திடீர் பிரேக் அடித்தால் அந்தத் தடுப்பு நாற்காலியைத் தாங்கிவிடும், அதனால் இடைவெளி விடாமல் ஒட்டி நில்லுங்கள். வேறு சிலவற்றில் நான்கு பட்டைகளால் நாற்காலியைத் தரையோடு கட்டுவார்கள். கட்டுகிறவரிடம், நாற்காலியின் உறுதியான சட்டகத்தில் (ஃபிரேமில்) கட்டச் சொல்லுங்கள். சக்கரத்திலோ, கழற்றக்கூடிய கைப்பிடியிலோ, கால்பலகையிலோ கட்டக் கூடாது.

பயிற்சியில் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பஸ் குலுங்கும்போது கால் கால்பலகையிலிருந்து வழுகி இறங்கிவிடும். உணர்வு இல்லாததால் நமக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் குனிந்து பாதத்தைப் பார்த்துவிடுவேன், இப்போது அது கண் இமைப்பது போல ஆகிவிட்டது. கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டையும், பாதத்துக்கு மேலே ஒரு பட்டையும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பாதத்தை முழுக்க மூடும் ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம்.

ரயிலில் கவனம் முழுக்க நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. சாய்வாகப் போனால் ஒரு சக்கரம் திரும்பி அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். சரியாக நேருக்கு நேர் போக வேண்டும். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கித் தாண்டத் தெரியும் என்றால் அப்படியே போகலாம். தெரியாவிட்டால் முதுகைக் காட்டி, பெரிய சக்கரம் முதலில் உள்ளே போகுமாறு ஏறுங்கள். பெட்டிக்கும் நடைமேடைக்கும் உயரம் வித்தியாசம் என்றால் ஊழியரிடம் தற்காலிக ரேம்ப் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஏறும்போதே, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பெட்டி என்பதையும் சேர்த்து.

அப்புறம் லிஃப்ட். லிஃப்ட் பழுதானால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண். கிளம்பும் முன் விசாரிக்கும்போது காலையில் ஏறும் நிலையத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், மாலையில் திரும்பி வரும் வழியையும் கேளுங்கள். பழுதென்றால் முந்தைய நிலையத்திலோ அடுத்த நிலையத்திலோ இறங்கி எப்படி வருவது என்பதை முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்து வைத்திருங்கள்.

இப்போது பின்னாலிருந்து தள்ளினவர்கள். உங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். நாற்காலி நமக்குக் கால். நடந்து போகிறவரின் இடுப்பைப் பிடித்து யாரும் தள்ளுவதில்லை. தள்ளுகிறவரின் மனசு நல்ல மனசுதான், ஆனால் நாம் பிரேக் பிடிக்கும் நேரத்தில் அவர் தள்ளினால் நம் விரல் சக்கரத்தில் சிக்கும். என்னை ஒருமுறை பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். கழற்றி மாட்டும் கைப்பிடி அது. ஒன்று கையோடு வந்துவிட்டது, நான் அந்தப் பக்கமே சரிந்தேன். பிடித்துக்கொள்ள நடைமேடைக் கம்பி இருந்ததால் தப்பித்தேன். அந்த இரண்டு பேரும் என்னைவிட அதிகமாகப் பதறிப்போனார்கள்.

அதனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "தொடாதீங்க, நானே ஏறுவேன். பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டா போதும்." இல்லை, உண்மையிலேயே உதவி வேண்டுமா? "பின்னாடி இருக்கிற இந்தப் பிடியை மட்டும் பிடிங்க. நான் சொன்னதும் தள்ளுங்க." சத்தமாக, சின்னச் சின்ன வாக்கியமாக. வீட்டில் அண்ணனை நிற்க வைத்துச் சொல்லிப் பழகுங்கள், வெட்கப்பட வேண்டாம். உதவ வருகிற பலருக்கு என்ன செய்வதென்று தெரியாத தடுமாற்றம்தான். சொல்லிவிட்டால் சரியாகச் செய்துவிடுவார்கள்.

சக்கர நாற்காலிக்கான இடத்தில் குழந்தை வண்டியோ மூட்டையோ நிற்பதையும் சீக்கிரமே பார்ப்பீர்கள். இங்கிலாந்தில் 2012-இல் டக் பாலி என்பவருக்கு இப்படித்தான் ஆனது. அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு தள்ளுவண்டி நின்றது. நகர்த்தும்படி ஓட்டுநர் கேட்டார், தாய் மறுத்தார், பாலிதான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருமுறை கேட்டுவிட்டு ஓட்டுநர் ஒதுங்கிக்கொள்வது போதாது, மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் முறை ஒன்றுதான். பயணியோடு நீங்கள் வாக்குவாதம் செய்யாதீர்கள். இடத்தை ஒழுங்குபடுத்தித் தர வேண்டியவர் ஓட்டுநர், அவரிடம் சொல்லுங்கள்.

கழிப்பறை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்தக் கவலை இல்லாமல் இருக்காது என்று எனக்குத் தெரியும். வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், தண்ணீரைக் குறைப்பது அதற்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். குழாய் போட்டு வெளியேற்றும் பழக்கம் இருந்தால் பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள். உங்கள் மருத்துவர் சொன்ன நேரத்தை வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் ஒருமுறை, அலுவலகம் சேர்ந்ததும் ஒருமுறை என்று பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கழிப்பறைக் கதவின் அகலத்தை வேலையில் சேரும் முன்பே அளந்து பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் நாற்காலியின் அகலத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். பயணத்திலும் இடையிடையே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து எடையை மாற்றிக்கொள்ளுங்கள், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் வரும் வாய்ப்பு குறையும். பையில் கையுறை, தண்ணீர், ஒரு செட் மாற்றுத்துணி.

அம்மாவின் பயத்தைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை உங்களை இழக்கப் பார்த்தவர் அவர். கூட்டமில்லாத பகல் நேரத்தில், எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாத ஒருநாள் இருவரும் போங்கள். ஆனால் அவர் நான்கு இருக்கை தள்ளி உட்காரட்டும், ஓட்டுநரிடம் நீங்களே பேசுங்கள். அடுத்த முறை அவர் நிறுத்தம் வரை வந்தால் போதும். ஓட்டுநர் ரேம்ப் போட மறுத்தால், நிற்காமலே போனால், வண்டி எண்ணையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொண்டு அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்ன புகாருக்குக் கணக்கு இருக்காது.

அலுவலகத்துக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் மாதம் மட்டும் அரை மணி நேரம் தாமதமாக வந்து, அந்த அரை மணியை மாலையில் ஈடுசெய்ய அனுமதி கேளுங்கள். ஒரு பஸ் நெரிசலாக வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததில் நிதானமாக ஏறலாம். காரணம் எழுதக் கூச்சப்படாதீர்கள்: "சக்கர நாற்காலியில் பொதுப் போக்குவரத்தில் வருகிறேன்" என்ற ஒரு வரி போதும்.