நின்ற காரில் மோதினால் செலவு யார் கணக்கில்?

கேள்வி: கீழமாரட் வீதிக்கு வெங்காயம் வாங்கச் சென்றபோது காரைச் சாலையோரமாக நிறுத்தியிருந்தேன். மூட்டை ஏற்றிய குட்டியானை ஒன்று பின்னோக்கி வந்து மோதியதில் என் காரின் பின்கதவும் பம்பரும் நசுங்கிவிட்டன. எதிர்க்கடைக் கேமராவில் காட்சி பதிவாகியுள்ளது. வண்டிக்காரரோ, “நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது உங்கள் தவறு, அந்த வண்டியையும் நான் விற்றுவிட்டேன், ஆர்.சி. மட்டும் மாறவில்லை” என்கிறார். பட்டறையில் பம்பருக்கு 6,000, கதவுக்கு 12,000, பெயின்டிங்குக்கு 6,000, கூலி 4,000 என மொத்தம் 28,000 ரூபாய் சொல்கிறார்கள். காருக்கு வயது ஆறு. எஞ்சின் 1,200 சி.சி. முழுக் காப்பீடு உண்டு, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ‘பம்பர் டு பம்பர்’ பாதுகாப்பு எடுக்கவில்லை. கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 35 சதவீதம். என் பாலிசியிலேயே கிளெய்ம் செய்துவிடலாம் என்கிறார் முகவர். செய்யலாமா?
– வாசகர், திருநகர்

பதில்: யார் தவறு என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பின்னோக்கி வண்டியை எடுப்பவர், பின்னால் இருப்பது என்னவென்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பட்டப்பகலில் அசையாமல் நின்ற காரில் மோதிவிட்டு, அது ஏன் அங்கே நின்றது என்று கேட்பது பதிலாகாது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் அபராதம் வரலாம். ஆனால், இழப்பீட்டு வழக்கில் கேட்கப்படும் கேள்வி, நிறுத்தியது விதிமீறலா என்பதன்று. அவ்வாறு நிறுத்தியதுதான் விபத்துக்குக் காரணமாயிற்றா என்பதே. இதையே, திருமங்கலத்துக்கு அப்பால் நான்குவழிச் சாலையில் இரவு நேரத்தில் விளக்கு எதுவும் எரியாமல் நிறுத்தியிருந்தீர்கள் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்; பிறருக்கு ஆபத்தாகும்படி வாகனத்தை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது, அத்தகைய வழக்குகளில் நின்ற வண்டியின் உரிமையாளர் தலையிலும் பொறுப்பில் ஒரு பங்கு விழும்.

வண்டியை விற்றுவிட்டேன் என்ற வாதமும் நிற்காது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் தெளிவாகவே கூறிவிட்டது. அவர் வாங்கியவரிடம் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் தவறு யாருடையது என்பது ஒன்று, பணம் யாரிடமிருந்து எப்போது வரும் என்பது வேறொன்று. முகவர் சொல்லும் வழியை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஆண்டுகளைத் தாண்டி, பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட காரின் உலோகப் பாகத்துக்குத் தேய்மானமாக 40 சதவீதம் கழிப்பார்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி போய்விடும். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலியில் கழிவில்லை. ஆகவே கதவில் 4,800, பம்பரில் 3,000, பெயின்டிங்கில் 750 என்று போய், 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயமாகப் பிடிக்கும் 1,000 ரூபாயும் சேர்ந்தால், 9,550 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும்; வருவது 18,450.

முகவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள், அடுத்த ஆண்டுகளின் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். கிளெய்ம் இல்லையெனில் உங்கள் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் 45ஆகவும், அதன்பின் 50ஆகவும் உயர்ந்து அங்கேயே நிற்கும். கிளெய்ம் செய்தால் சுழியத்துக்கு இறங்கி 20, 25, 35, 45 என்று மீண்டும் ஏற வேண்டும். இவற்றின் வேறுபாட்டை ஆண்டுவாரியாகக் கூட்டினால், ஐந்து ஆண்டுகளில் நீங்கள் இழப்பது, சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது உங்கள் காரின் சேதத்துக்காக ஓராண்டுக்குக் கட்டும் பகுதியில், 120 சதவீதம். அந்தப் பிரீமியம் போனஸ் கழிப்பதற்கு முன் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,800 ரூபாய். காரின் மதிப்புக் குறையக் குறையப் பிரீமியமும் சற்றுக் குறையும் என்பதால் இது கொஞ்சம் கூடுதலான மதிப்பீடுதான். அப்படியும் உண்மையான லாபம் எட்டாயிரம் ரூபாயை ஒட்டியே நிற்கிறது. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறிவிடும்.

எதிர்த்தரப்பின் காப்பீட்டிடம் கேட்பது இரண்டாவது வழி. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்குச் சரக்கு வாகனப் பாலிசி பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க உரிமையாளர் அதை 6,000 ரூபாயாகச் சுருக்கியிருந்தால் மீதி அவர் கையிலிருந்தே வர வேண்டும். இதற்கு மதுரையிலுள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தேய்மானக் கழிவு இங்கே இல்லாததால் முழுத் தொகையையும் கேட்கலாம். இருந்தும் 28,000 ரூபாய்க்கு வக்கீல் கட்டணம் கொடுத்து வாய்தாவுக்கு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லட்சத்தைத் தாண்டும் சேதமென்றால் அவசியம் செல்லுங்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் செய்வது, மோதிய நேரம், இடம், பட்டறையின் மதிப்பீடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்புவதுதான். நிறுவனத்தின் பெயரை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்கிவிடுங்கள். கேமராப் பதிவு சில நாள்களிலேயே அழிந்து புதிய பதிவு ஏறிவிடும் என்பதால் நகலை உடனே எடுங்கள். வழக்கு என்று வந்தால், சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தேவைப்படும், அதைக் கடைக்காரரிடம் இப்போதே பேசி வைப்பது நல்லது.

இன்னொன்று. உரிமையாளர் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டால், அதன் பிறகு உங்கள் பாலிசியில் கிளெய்ம் கேட்க முடியாமல் போகலாம். இழப்பை ஈடுசெய்த நிறுவனத்துக்கு, மோதியவரிடம் வசூலிக்கும் உரிமை வந்து சேரும், அதை முன்கூட்டியே நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர்கள் வாதிடுவார்கள். சொந்தப் பாலிசியில் கேட்பதென்றே முடிவெடுத்தால், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்துச் செல்லும் வரை பட்டறையில் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரை இரவில் ஏதோ ஒரு வாகனம் இடித்துவிட்டுப் போய்விட்டது. எங்களிடம் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ளது. மோதிவிட்டுத் தப்பிய வாகனங்களுக்காக அரசு தரும் உதவி கிடைக்குமா?
– வாசகி, மேலூர்

பதில்: கிடைக்காது. சட்டத்தின் 161ஆம் பிரிவின் கீழ் வரும் அந்த உதவி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்ற அளவில் மனிதர்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் பாலிசியும் உங்கள் காருக்குப் பணம் தராது. தெருக்கேமராவில் வண்டி எண் சிக்கினால் மட்டுமே வழி பிறக்கும். அதற்காகவேனும் புகார் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: அழகர்கோவில் சாலையில் ஒரு திருமண மண்டபத்துக்குச் சென்றிருந்தோம். காவலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு வண்டிக்கு வழிவிட என் காரை அவரே நகர்த்தியபோது தூணில் இடித்துவிட்டார். ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: சாவியை வாங்கிக்கொண்ட கணத்திலேயே கார் மண்டபத்தாரின் பொறுப்புக்குப் போய்விட்டது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, தன் பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்துடன் காக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. ஓட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுக்கப்பட்ட கார் திருடுபோன வழக்கில், தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு இத்தகைய அறிவிப்பைக் காட்டி நிர்வாகம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. சாவியை நீங்களே வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் இலவசமாக நிறுத்தியிருந்தால் இந்த வாதம் செல்லாது. அப்போது மோதியவரைத்தான் கேட்க வேண்டும்.

மண்டபத்துக்கு வாடகை கொடுத்தவர் உங்களை அழைத்தவர்தான் என்றாலும், அவர் ஒப்புதலுடன் அந்தச் சேவையைப் பெற்ற நீங்களும் நுகர்வோரே. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். உங்கள் முழுக் காப்பீட்டில் கேட்க நினைத்தால், அதற்கு முன் அந்தக் காவலாளியிடம் ஓட்டுநர் உரிமம் உள்ளதா என்று விசாரியுங்கள். உரிமம் இல்லாதவர் ஓட்டியபோது நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கும், அப்படியானால் மண்டபத்தார் மீதான முறையீட்டில் அந்த மறுப்புக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.