வீட்டு சர்வரில் ஐந்து விர்ச்சுவல் மெஷின்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கிறேன். ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து விர்ச்சுவல் மெஷின் (தனிக் கம்ப்யூட்டர் போலவே மென்பொருளால் இயங்குவது) ஓட்ட வேண்டும். பழகிப் பார்க்க இரண்டு லினக்ஸ், அப்பாவின் கடைக் கணக்குக்கு ஒரு விண்டோஸ், கேமரா பதிவுக்கு ஒன்று, குடும்பப் போட்டோக்களுக்கு ஒன்று. கம்பெனிகள் கழித்த பழைய ரேக் சர்வர் (அலமாரியில் அடுக்கும் தட்டையான சர்வர்) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? 32 ஜிபி ரேம் போதுமா? ரவுட்டரையும் இதற்குள்ளேயே வைக்கலாமா?"

பழைய ரேக் சர்வர் வேண்டாம். சும்மா நிற்கும்போதே 100 வாட் இழுப்பது அந்த ரகத்தில் சகஜம். அப்படியானால் இரண்டு மாத பில்லில் 144 யூனிட் கூடும். 30 வாட்டில் நிற்கும் சின்ன டெஸ்க்டாப் என்றால் 43 யூனிட்தான்.

ஆனால் உங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய காரணம் உப்புக்காற்று. ரேக் சர்வரின் ஃபேன்கள் காற்றை வேகமாக இழுத்து போர்டின் மேல் விடுபவை. காற்றோடு வரும் உப்பு அங்கேயே படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தண்ணீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். பின்களும் கனெக்டர்களும் பச்சை பூத்து அரிக்கும். குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஓடுகிற மெஷின் தன் சூட்டில் ஓரளவு காய்ந்தே இருக்கும். நாள்கணக்கில் அணைத்துப் போட்டால்தான் அரிப்பு வேகமெடுக்கும். ஆகவே ஃபேன் குறைந்த மெஷினாக வாங்கி, கடலைப் பார்த்த ஜன்னல் இல்லாத உள்ளறையில் வையுங்கள். மொட்டை மாடி அறை கூடவே கூடாது.

இனி ரேம். சிபியுவை ஐந்து மெஷினும் பங்கு போட்டுக்கொள்ளும், பெரும்பாலான நேரம் அவை சும்மாதான் இருக்கும். ரேமை அப்படி நம்பிப் பங்கு போட முடியாது. விண்டோஸுக்கு 8, இரண்டு லினக்ஸுக்கும் சேர்த்து 8, போட்டோவுக்கு 6, கேமராவுக்கு 4, இவை எல்லாவற்றையும் ஓட்டும் அசல் கம்ப்யூட்டரான ஹோஸ்ட்டுக்கு 4. கூட்டினால் 30 ஜிபி. 32 போட்டால் முதல் நாளே நிரம்பிவிடும், ஆறாவது மெஷினுக்கு இடமே இருக்காது. 64 போடுங்கள். இப்போது கையைக் கடித்தால் 32 ஜிபி ரேம் ஒன்றை மட்டும் போட்டு அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள்.

ஹோஸ்ட்டில் போட, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் போதும். டெபியன் லினக்ஸ் அடித்தளம், காசு கட்டாமலே பயன்படுத்தலாம். கேமரா பதிவு இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதால் அதற்குத் தனி ஹார்ட் டிஸ்க் கொடுங்கள். மற்ற மெஷின்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். 3.5 இன்ச் டிஸ்க் மாட்ட இடமுள்ள டெஸ்க்டாப்பாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். வெளிச் சுவர் கேமராவிலிருந்து வரும் லேன் கேபிள் வழியாகவும் இடி இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். கேமரா கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் சர்வருக்கும் நடுவே, கரண்ட் கடத்தாத ஃபைபர் கேபிள் ஒரு துண்டு போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேர நிலையை அதே டிஸ்க்கில் பதிந்து வைப்பது) எடுத்தேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், டிஸ்க் போனால் அதுவும் போகும். போட்டோவுக்கும் கடைக் கணக்குக்கும் வேறொரு வீட்டில் ஒரு நகல் இருக்க வேண்டும்.

ரவுட்டரைத் தனிப் பெட்டியாகவே விடுங்கள். நீங்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் வீடு முழுக்க நெட் போனால், இந்தத் திட்டத்துக்கு வீட்டில் ஆதரவு இருக்காது.

கடைசியாக கரண்ட். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் ஒருநாள் தீரும். தீரும் முன் சர்வர் தானாக ஒழுங்காக அணைய வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் சர்வருக்கு எந்தத் தகவலும் சொல்லாது. சைன் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுஎஸ்பி உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்றை வையுங்கள். இன்வெர்ட்டர் ஓய்ந்ததும் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்; நட் (NUT) என்ற இலவச மென்பொருள் அதைக் கவனித்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். விண்டோஸில் கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட் சொல்வதைக் கேட்டுச் செய்யும் சின்ன மென்பொருள்) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சில சமயம் அணைக்கச் சொன்னாலும் கேட்காது. எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் இன்வெர்ட்டரிலிருந்து யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, ஐந்தும் ஒழுங்காக அணைகின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கடைக் கணக்கை அதற்குப் பிறகே உள்ளே ஏற்றுங்கள்.